ஃபால்ட் எண்ணெயை அடைக்குமா, விடுமா? கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

ரிசர்வாயர், அதாவது எண்ணெய் தேங்கிய பாறையின் வரைபடத்தில் ஃபால்ட் (பாறை உடைந்து நழுவிய பிளவு) கோடு ஒன்றைப் பார்த்ததுமே அது சுவர் என்றோ வழி என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே ஃபால்ட் ஓரிடத்தில் எண்ணெயை மறிக்கும், கொஞ்சம் தள்ளி விட்டுவிடும். பாறைகள் நழுவும்போது ஷேல் என்ற களிமண் பாறை அரைபட்டு ஃபால்ட் தளத்தில் அப்பிக்கொள்கிறது. அந்த அப்பலில் களிமண் எவ்வளவு என்பதை மதிப்பிடுவதுதான் ஷேல் கௌஜ் விகிதம், சுருக்கமாக எஸ்.ஜி.ஆர். 1997-இல் யீல்டிங், ஃப்ரீமன், நீதம் மூவரும் வெளியிட்ட முறை இது.

வடகடலின் பிரென்ட் பாறைத்தொகுதியை மனதில் வைத்துக்கொள்வோம். கீழே எட்டிவ் மணற்கல், அதன் மேல் ஷேலும் மணலும் நிலக்கரியும் மாறிமாறி வரும் நெஸ் அடுக்கு. எண்கள் மட்டும் பயிற்சிக்காக நான் போட்டவை.

படி 1. கிராஃப் தாளில் ஃபால்ட்டின் இருபுற அடுக்குகளையும் வரையுங்கள். மணலுக்கு எதிரே தடித்த ஷேல் வந்து நின்றால் அங்கே வேலை முடிந்தது, அடைப்புதான். மணலுக்கு எதிரே மணல் வந்தால் மட்டும் அடுத்த படி. மென்பொருள் நொடியில் வரைந்துவிடும்தான், ஆனால் முதல் ஃபால்ட்டைப் பென்சிலால் போடுங்கள். தவறு கண்ணில் படும்.

படி 2. ஒரு புள்ளியை எடுங்கள். அதைக் கடந்து நழுவிய அடுக்குகள் எவை? நான் சிக்கிய இடம் இதுதான். மேலே நின்ற பக்கத்தில் புள்ளியிலிருந்து *மேல்நோக்கி*, செங்குத்து இடப்பெயர்வான த்ரோ அளவுக்கு எண்ண வேண்டும். இறங்கிய பக்கத்தில் *கீழ்நோக்கி*. இரண்டும் ஒரே அடுக்குகளைத்தான் தரும். தராவிட்டால் எங்கோ பிசகு.

த்ரோ 40 மீட்டர் என்போம். மேலே நின்ற பக்கத்தில் புள்ளிக்கு மேல் 10% களிமண் உள்ள மணல் 20 மீட்டர், 80% உள்ள ஷேல் 10 மீட்டர், 40% உள்ள அழுக்கு மணல் 10 மீட்டர்.

ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அதன் களிமண் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டுங்கள்: 2 + 8 + 4 = 14. அதை 40-ஆல் வகுத்தால் 35%.

15 முதல் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் கசியும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆக, இங்கே அடைப்பு. நானோ அதே பக்கத்தில் கீழ்நோக்கி எண்ணினேன். வெறும் மணல்தான் வந்தது, 10%. அடைத்த ஃபால்ட்டைத் திறந்தது என்று எழுதிவைத்திருந்தேன்.

அதே ஃபால்ட்டின் நுனியில் த்ரோ 15 மீட்டர்தான் என்றால், ஷேல் அந்தப் புள்ளியைக் கடக்கவே இல்லை. 10%, கசியும். அதனால் ஃபால்ட் நெடுகப் பல புள்ளிகளில் போடுங்கள்.

படி 3. கிணற்று அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். உற்பத்திக்கு முன்பே இருபுறமும் அழுத்தம் வேறுபட்டால் நல்ல அடைப்பு. சமமாக இருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. மெல்லக் கசிந்தாலும் லட்சக்கணக்கான ஆண்டுகளில் சமமாகிவிடும். இருபது வருட உற்பத்திக்கு அந்த வேகம் போதாது. அப்புறம் ஒருபுறம் எடுக்க எடுக்க மறுபுறம் அழுத்தம் இறங்குகிறதா என்று கவனித்து, ரிசர்வாயர் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சிமுலேட்டரில், ஃபால்ட் எவ்வளவு விடும் என்பதைச் சொல்லும் பெருக்கியை 0-க்கும் (முழு அடைப்பு) 1-க்கும் (முழுத் திறப்பு) இடையே திருத்துங்கள்.

பின்சேர்க்கை: விகிதம் 100-ஐத் தாண்டுகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடையது சாய்வாகத் தோண்டிய கிணறு. தோண்டிய நீளத்தையே அடுக்கின் தடிமனாகப் போட்டிருக்கிறார். லாக்கை (கிணற்றில் ஆழவாரியாக எடுத்த அளவீட்டுப் பதிவை) முதலில் செங்குத்து ஆழத்துக்கு மாற்றிவிட்டு எண்ணுங்கள்.