நம்ம செஞ்ச காரை 100 கிலோமீட்டர் ஓட்டி சோதிக்கிறது எப்படி

வண்டி ஓடுதான்னு பாக்குறது ஒரு வேலை, தாங்குதான்னு பாக்குறது வேற வேலை. 1888ல, காரை உருவாக்கின கார்ல் பென்ஸோட மனைவி பெர்தா பென்ஸ் ரெண்டு பசங்களையும் ஏத்திக்கிட்டு ஜெர்மனியில மான்ஹைம்ல இருந்து ஃபோர்ஸ்ஹைம் வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டு போனாங்க, வழியில எரிபொருள் குழாய் அடைச்சிருச்சு, தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க, பிரேக் கட்டை தேஞ்சதும் செருப்பு தைக்கிறவர்கிட்ட தோல் வச்சு அடிச்சு வாங்கினாங்க. தூரம் போனாத்தான் இதெல்லாம் வெளிய வரும்.

நம்ம சிங்கப்பூர் தீவே கிழக்கு மேற்கா 50 கிலோமீட்டர்தான், அதுலயும் நிலப் போக்குவரத்து ஆணையம் (எல்டிஏ) அனுமதி இல்லாத வண்டிய ரோட்டுல இறக்கக்கூடாது. அதனால கேட்டு அனுமதி வாங்கி, ஆள் வராத கார்பார்க்ல ஓட்டுங்க. 400 மீட்டர் வட்டம்னா 250 ரவுண்டு.

மொதல்ல, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து முறுக்குற ஸ்பேனர்) வச்சு ஒவ்வொரு நட்டையும் முறுக்குங்க, முறுக்கின உடனே நட்டுலயும் ஃப்ரேம்லயும் சேர்ந்து விழுற மாதிரி பெயிண்ட் பேனாவால ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கோடு விலகியிருந்தா நட்டு சுத்தியிருக்குன்னு அர்த்தம். சும்மா திரும்ப முறுக்கிட்டு விடாதீங்க, உள்ள நைலான் வளையம் வச்ச நட்டுன்னா புதுசு மாத்துங்க.

டயர் காத்த ஓட்டுறதுக்கு முன்னாடியே பாத்து எழுதிக்கோங்க, சூடானா ஏறி காட்டும்.

அப்புறம் ஓட்டுங்க, ஒரேயடியா இல்ல, 10 கிலோமீட்டருக்கு ஒரு தடவ நிப்பாட்டி பேரிங், மோட்டார், பேட்டரி மூணுலயும் டெம்பரேச்சர் கன் வச்சு பாத்து நோட்டுல எழுதுங்க. ஒரு பக்க பேரிங் மட்டும் சூடு ஏறிக்கிட்டே போனா அங்கதான் கோளாறு. பாதி ரவுண்டு இடமா, பாதி வலமா சுத்துங்க, இல்லன்னா ஒரு பக்க டயர் மட்டும் தேயும். தீயணைப்பான் பக்கத்துலயே இருக்கணும்.

எங்க மாணவர் டீமோட மூணு சக்கர எலக்ட்ரிக் வண்டி 61வது ரவுண்டுல இருந்து இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் செத்துப்போச்சு, நேரா வந்தா உயிர் வந்துரும். மோட்டாருக்கு கரண்ட கட்டுப்படுத்துற கன்ட்ரோலர்தான் போச்சுன்னு எல்லாரும் நெனச்சோம். ஸ்டீயரிங் கீழ டார்ச் அடிச்சு பாத்தா, ஆக்சிலரேட்டர் வயர் அலுமினிய ஓரத்துல உரசி உரசி தோல் நக அளவுக்கு போய் செம்பு மினுக்குது! ஓரத்த அரத்தால ராவி, ரப்பர் வளையம் போட்டு, சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடையில வாங்கின ஸ்லீவ (வயர் மேல போடுற உறை) மாட்டி, ஸ்டீயரிங் முழுசா திரும்புற அளவுக்கு வயர தொய்வா விட்டு கட்டினோம். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் சரி பண்ணி ஓட்டிப் பாருங்க, ரெண்டு மாத்தினா எதால சரியாச்சுன்னே தெரியாது.

முடிச்ச உடனே சார்ஜ் போடாதீங்க, பேட்டரி ஆறட்டும். மறுநாள் காலைல எல்லா கோட்டையும் போட்டோ எடுத்து பழைய போட்டோவோட ஒத்துப் பாருங்க. எண்ணெய் கசிவு, நட்ட சுத்தி கருப்பு பொடி, இதெல்லாம் பாத்து எழுதினதுக்கு அப்புறம்தான் வண்டிய கழுவணும்.