திரைமறைப்புக் கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

செயலுறு அணுக்கரு மின்சுமையை, அதாவது மற்ற எலக்ட்ரான்களின் மறைப்பு போக ஓர் எலக்ட்ரான் உணரும் கருவின் மின்சுமையை, புதிதாகப் படிக்கிறவர்கள் வருடாவருடம் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். எனக்கும் நன்றாகத் தெரிந்த பள்ளம்தான். பெருக்கலில் சறுக்குவது, அணு எண்ணை மாற்றி எழுதுவது எல்லாம் சின்ன விஷயம், விட்டுவிடலாம்.

அணு முழுவதற்கும் ஒரே மறைப்பு என்று நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள், அணு எண் 26. மறைப்பைத் தோராயமாகக் கணக்கிடும் ஸ்லேட்டர் விதிப்படி ஒரு 4எஸ் (நான்காம் கூட்டின் எஸ் ஆர்பிட்டாலில் உள்ள) எலக்ட்ரானுக்கு: கூட இருக்கும் இன்னொரு 4எஸ்-க்கு 0.35, மூன்றாம் கூட்டின் 14 எலக்ட்ரான்களுக்குத் தலா 0.85, அதற்கும் உள்ளே உள்ள 10-க்குத் தலா 1. மறைப்பு 22.25, மிஞ்சுவது 3.75. சரி. அப்புறம் 3டி எலக்ட்ரானைப் பற்றிக் கேட்டாலும் அதே 3.75-ஐ நீட்டுகிறார்கள்! 3டி-க்குக் கணக்கே வேறு. மற்ற ஐந்து 3டி-க்குத் தலா 0.35, 3எஸ், 3பி உட்பட உள்ளிருக்கும் 18-க்கும் முழுசாக 1, 4எஸ்-க்கு ஒன்றுமில்லை. மறைப்பு 19.75, மிஞ்சுவது 6.25. கருவின் பிடி 3டி மேல்தான் இறுக்கம். முதலில் கழல்வது 4எஸ்.

இதைத் தவறவிட்டவர், கடைசியாக நிரம்பிய 3டி-தான் முதலில் போகும் என்று முடிவு கட்டிவிடுவார். ஒரு மாணவர் அப்படித்தான் இரும்பின் 2+ அயனிக்கு 3டி⁴ 4எஸ்² என்று எழுதி, தனித்த (ஜோடி சேராத) எலக்ட்ரான்கள் நான்கு, அவற்றை வைத்துக் கணக்கிடும் காந்தத் திருப்புத்திறன் 4.90 போர் மேக்னட்டான் என்று கொண்டுவந்தார். விடைக் குறிப்பிலும் 4.90. "விடை சரியாத்தானே சார் வருது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். சரியான அமைப்பான 3டி⁶-லும் தனித்தவை நான்குதான். தவறு ஒளிந்துகொள்ள இரும்பு தோதான இடம். மாங்கனீசின் 2+ அயனிக்குப் போடச் சொன்னேன். அவர் வழியில் மூன்று, அதாவது 3.87. சரியான 3டி⁵ அமைப்பில் ஐந்து, 5.92. அதன் பிறகுதான் அழிப்பானைத் தேடினார்.

தன்னையும் சேர்த்து எண்ணுவது

எந்த எலக்ட்ரானும் தன்னைத் தானே மறைக்காது.

உள் எலக்ட்ரான்கள் முழுசாக மறைக்கும் என்பது

சோடியத்தில் 11-லிருந்து 10 போனால் 1 என்பார்கள். ஸ்லேட்டர் விதி தருவது 2.20. வெளி எலக்ட்ரான் உள்கூடுகளுக்குள்ளும் ஊடுருவுகிறதே! எஸ் ஊடுருவும் அளவுக்கு பி ஊடுருவாது. அதனால்தான் போரானின் முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 801 கிலோஜூல். முந்தைய தனிமமான பெரிலியத்துக்கோ 899. ஸ்லேட்டர் விதி எஸ், பி இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது, இந்தச் சரிவை அதில் தேடாதீர்கள்.

நைட்ரஜனைவிட ஆக்சிஜனுக்கு அயனியாக்கும் ஆற்றல் குறைவதும் இந்த ஊடுருவலால்தான் என்பது

இல்லை. அங்கே ஒரே ஆர்பிட்டாலில் சேர்ந்த இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன.