ஹீமோஃபிலியா உள்ளவருக்கு ஒரு கைச்சங்கிலி: வாசகம் எழுதுவதிலிருந்து மாட்டிக்கொள்வது வரை

தாய்மாமன் என்றால் காது குத்துக்குத் தோடு வாங்கிக் கொடுப்பார். என் தங்கை மகனுக்குக் காதே குத்தவில்லை. மாமன் சீராக நான் அவனுக்குப் போட்டது, நோயின் பெயரைப் பொறித்து, கையில் மாட்டிக்கொள்ளும் ஓர் எஃகுத் தகடு. எங்கள் இரண்டு பேருக்கும் கடுமையான ஹீமோஃபிலியா ஏ. ரத்தம் உறையத் தேவையான ஃபாக்டர் 8 என்ற புரதம் எங்கள் உடம்பில் வழக்கமான அளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. எக்ஸ் குரோமோசோமில் வரும் குறை இது. பெரும்பாலும் அம்மா வழியாகப் போய் மகனிடம் தலைகாட்டும். மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே வியாதி என்பது எங்கள் கிளினிக்கில் அதிசயமே இல்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில், பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் மோட்டார் சறுக்கி விழுந்தேன். தலையில் அடி, ஒரே மயக்கம். யாரோ ஒரு புண்ணியவான் பக்கத்துக் கிளினிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கையில் சங்கிலி இருந்தது. ஆனால் நம்ம ஊர் மோட்டார்க்காரர்கள் எல்லோரையும் போல நானும் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தேன். நீளக் கைக்குள்ளே கடிகாரம், கோயில் கயிறு நாலு சுற்று, அதற்கும் அடியில் சங்கிலி. யார் கண்ணிலும் படவில்லை. வலிக்கு இடுப்பில் ஊசி போட்டார்கள். அந்த ஊசி போட்ட இடம் வீங்கி, இரண்டு வாரம் என்னால் உட்கார முடியவில்லை. தலைக்கு ஃபாக்டர் ஏறியது பல மணி நேரம் கழித்துத்தான். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நான் எழுதி வைத்திருந்ததை அவர்கள் படிக்க வழியே வைக்கவில்லையே.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பவை.

படி 1: நோயின் முழுப் பெயரைக் கேட்டு வாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் கிளினிக். அடுத்த முறை ரத்தவியல் மருத்துவரைப் பார்க்கும்போது ஒரு தாளை நீட்டி நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: நோயின் பெயரும் வகையும், எவ்வளவு கடுமை, அவசரத்தில் என்ன மருந்து, எது கூடவே கூடாது. பினாங்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம். காத்திருக்கும் நேரத்திலேயே கேள்விகளை எழுதி முடித்துவிடலாம்.

'ரத்தம் நிற்காத வியாதி' என்று பாட்டி சொல்வது வீட்டுக்குப் போதும், தகட்டுக்குப் போதாது. ஹீமோஃபிலியா ஏ என்றால் ஃபாக்டர் 8, பி என்றால் ஃபாக்டர் 9. மாற்றி ஏற்றினால் பயனில்லை. இன்னொரு ரத்தக்கசிவு நோயான வான் வில்லிபிராண்ட் நோய் என்றால் எந்த வகை என்பதும் வேண்டும். முதல் வகைக்காரர்கள் பலருக்கு டெஸ்மோபிரசின் நன்றாகக் கேட்கும். ஆனால் 2பி வகைக்காரர்களுக்கு அதே மருந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடலாம்.

'எனக்கு லேசாகத்தான் இருக்கிறது, எதற்குச் சங்கிலி?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபாக்டர் அளவு 5 முதல் 40 சதவீதம் வரை இருந்தால் லேசான வகை. தினசரி வாழ்க்கையில் ஒன்றும் தெரியாது. பல் பிடுங்கும்போதும், அறுவை மேசையிலும், விபத்திலும்தான் தெரியும். வீட்டில் உள்ளவர்களே மறந்துபோகும் நோய் இது. அதனால் இவர்களுக்குத்தான் முதலில் வேண்டும் என்பேன். நோயைச் சுமக்கும் பெண்களில் ஃபாக்டர் குறைந்தவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும். பிரசவ நேரத்தில் இது சின்ன விஷயமில்லை.

படி 2: வாசகத்தை எழுதுங்கள்

இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். உலோகத்தைத் தேர்ந்தெடுக்க அவ்வளவு நேரம் வேண்டாம்.

இந்தச் சங்கிலிக்கு ஒரு பழங்கதை உண்டு. 1953-இல் கலிஃபோர்னியாவின் டர்லாக் என்ற ஊரில் ஒரு மருத்துவரின் மகளுக்கு டெட்டனஸ் தடுப்பு மருந்து ஒத்துக்கொள்ளாமல் உயிர் போகும் நிலை. பிறகு அவள் வெளியூர் போனபோதெல்லாம் பெற்றோர் ஒரு குறிப்புச் சீட்டை எழுதிக் கொடுத்தனுப்பினார்கள். சீட்டு பின்னால் வெள்ளிக் காப்பானது. 1956-இல் மெடிக்அலர்ட் நிறுவனம் பிறந்தது. நகைக்கு முன்னால் இருந்தது ஒரு துண்டுச் சீட்டுதான். நாமும் சீட்டிலிருந்தே தொடங்குவோம்.

தகட்டில் ஆங்கில எழுத்துதான் போட வேண்டும். ஆம்புலன்சில் வருபவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம். ஹீமோஃபிலியாவுக்கு மலாயில் எழுதுவதும் கிட்டத்தட்ட அதே எழுத்துகள்தான், மலாய் மட்டும் படிப்பவருக்கும் புரியும். என் தகட்டில் உள்ளதன் பொருளை இங்கே தமிழில் தருகிறேன்:

கடுமையான ஹீமோஃபிலியா ஏ
முதலில் ஃபாக்டர் 8 ஏற்றுங்கள்
தசை ஊசி வேண்டாம், ஆஸ்பிரின் வேண்டாம்
அவசரத்துக்கு: (தங்கையின் கைப்பேசி எண்)

இரண்டாவது வரியை வேண்டுமென்றே அப்படி வைத்தேன். தலையில் அடிபட்ட ஹீமோஃபிலியாக்காரருக்கு முதலில் ஃபாக்டர், அப்புறம்தான் ஸ்கேன். ஸ்கேன் முடிவுக்குக் காத்திருந்தால் அந்த நேரமெல்லாம் மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். இதைத் தினமும் பார்க்கும் மருத்துவருக்குச் சொல்லத் தேவையில்லை. நடு இரவில் உங்களைப் பார்ப்பவர் அவர் இல்லையே.

மூன்றாவது வரி என் இடுப்பு வீக்கம் கற்றுக்கொடுத்தது. இடம் இருந்தால் ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளையும் சேர்க்கலாம். இடமில்லை என்றால் தசை ஊசியை விட்டுவிடாதீர்கள்.

இன்ஹிபிட்டர் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் பொறிக்க வேண்டும். ஏற்றும் ஃபாக்டரை எதிர்த்து உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள் அது. இருந்தால் வழக்கமான ஃபாக்டர் பலிக்காது, நோவோசெவன் மாதிரி மாற்று மருந்து தேவைப்படும். ஃபாக்டர் 8-க்குப் பதிலாக வேலை செய்யும் எமிசிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்கள் அந்தப் பெயரையும் தகட்டில் ஏற்றுங்கள். இந்த மருந்து உடம்பில் இருந்தால் ஏபிடிடி என்ற ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். விஷயம் தெரியாத மருத்துவர் 'ரத்தம் நன்றாகத்தான் உறைகிறது' என்று நம்பிவிடுவார். போதாக்குறைக்கு, எமிசிசுமாப் உள்ளவருக்கு, இன்ஹிபிட்டர்காரர்களுக்குக் கொடுக்கும் ஃபைபா மருந்தை அளவுக்கு மீறி ஏற்றினால் சின்ன ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து கட்டிகள் உண்டாகும் ஆபத்தும் உண்டு. கடைசி ஊசி போட்டு மாதங்கள் ஆன பிறகும் மருந்து உடம்பில் தங்கியிருக்கும். ஆகவே நிறுத்திய மறுநாளே தகட்டை மாற்ற ஓடாதீர்கள், மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள்.

எதை விட்டுவிடலாம்? ரத்த வகையை எல்லோரும் பொறிக்கச் சொல்வார்கள். தேவையில்லை. ரத்தம் ஏற்றுவதற்கு முன் மருத்துவமனை தானே சோதித்துப் பார்க்கும், தகட்டை நம்பி ஏற்றாது. ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும் வேண்டாம். பிறந்த தேதியோடு அந்த 12 இலக்கத்தையும் கையில் விளம்பரப்படுத்திக்கொண்டு இரவுச் சந்தையில் நடக்க வேண்டுமா?

சரி, எழுதியாயிற்று. இப்போது தகட்டின் அளவுக்கு ஒரு காகிதத்தை வெட்டி, அதே அளவு எழுத்தில் வாசகத்தை எழுதுங்கள். அதைக் கையில் ஒட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டுங்கள். கண்ணாடி போடாமல் படிக்கச் சொல்லுங்கள். அவர் திக்கினால் வார்த்தைகளைக் குறையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். என் முதல் தகட்டில் ஒரு கட்டுரையே எழுதியிருந்தேன். பூதக்கண்ணாடி இருந்தால் அருமையாகப் படிக்கலாம்.

படி 3: உலோகம்

மருத்துவத் தரத்து 316எல் எஃகு போதும். நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வந்தால் டைட்டானியம். விளிம்பு மழமழவென்று இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நமக்குக் கீறலே வேண்டாம்.

தங்கத்தில் செய்யலாமா என்று அம்மா கேட்டார். லிட்டில் இந்தியாவில் தெரிந்த ஆசாரி வேறு இருக்கிறாராம். நான் வேண்டாம் என்றேன். தங்கத்தைப் பார்த்தால் தாதிகள் நகை என்று நினைத்துக் கழற்றி, ஒரு பையில் போட்டு உறவினர் கையில் கொடுத்துவிடுவார்கள். வழிப்பறிக்காரன் கண்ணும் அதன்மேல்தான் விழும், அவன் இழுக்கும் இழுப்பில் மணிக்கட்டில் ரத்தக்கட்டு நமக்கு. எஃகு போதும். பாம்பு சுற்றிய கோல் நடுவில் உள்ள அறுகோண நட்சத்திரச் சின்னம் முன்பக்கத்தில் இருக்கட்டும், இது மருத்துவச் செய்தி என்பது அதைப் பார்த்ததும் தெரியும்.

இறுக்கமான வளையல் வடிவம் வேண்டாம். மணிக்கட்டில் ரத்தம் கசிந்து வீங்கினால் கழற்றவும் முடியாது. ஒரு விரல் நுழையும் இடைவெளியோடு, கொக்கி உள்ள சங்கிலியாக வாங்குங்கள். கழுத்துச் சங்கிலி என்றால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, இழுத்தால் தானாகப் பிரியும் கொக்கி வேண்டும்.

படி 4: பொறிக்கும் கடை

பேரங்காடிகளில் சாவி வெட்டும் கடைகள், பரிசுக் கோப்பை செய்யும் கடைகள் பலவற்றில் பொறித்துத் தருவார்கள். லேசரில் ஆழமாகப் பொறிக்கச் சொல்லுங்கள். மேலே அச்சடித்த எழுத்து நம் வியர்வைக்குத் தாங்காது. வாசகத்தை வாயால் சொல்லாதீர்கள், படி 2-இல் செய்த காகிதத்தைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அங்கேயே நின்று, எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள். கியூஆர் குறியீடு இருந்தால் இருக்கட்டும், ஆனால் எழுத்துக்குப் பதிலாக வேண்டாம். சாலையோரத்தில் யாரும் கைப்பேசியை எடுத்து ஸ்கேன் செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

படி 5: எங்கே போடுவது

மயங்கிக் கிடப்பவரின் நாடியைத்தான் முதலில் தேடுவார்கள். கையைத்தான் தொடுவார்கள், இல்லாவிட்டால் கழுத்தை. எனவே இந்த இரண்டில் ஒன்று. சாவிக்கொத்திலோ பணப்பையிலோ போட்டுவைத்தால் இல்லாததற்குச் சமம்.

நான் இப்போது கோயில் கயிறும் கடிகாரமும் வலது கையில், சங்கிலி மட்டும் தனியாக இடது கையில் என்று வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டின் இடது கையை ஒரு மடிப்பு மடித்துவிடுகிறேன். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. எம்ஆர்ஐ எடுக்கும்போது மட்டும் கழற்ற வேண்டும், முடிந்த கையோடு மாட்டிவிட வேண்டும்.

பிள்ளைகள் கதை வேறு. மருமகன் நான்காம் ஆண்டு படிக்கும் தமிழ்ப்பள்ளியில் யாரோ 'நாய்ச் சங்கிலி' என்று கேலி செய்ய, அவன் தினமும் அதைப் புத்தகப்பைக்குள் ஒளித்து வைத்தான். திட்டிப் பார்த்தோம், பயனில்லை. கடைசியில் அவனையே கூட்டிப்போய் நீலநிற சிலிகோன் பட்டை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னோம், தகடு அதில் கோத்திருக்கும். கழற்றுவதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கூட்டத்தில் அவன் தொலைந்துபோனாலும் தகட்டில் உள்ள கைப்பேசி எண் உதவும் என்று தங்கைக்கு நிம்மதி. அலகு குத்தும் ஆசையெல்லாம் எங்கள் குடும்பத்தில் கிடையாது, பால்குடத்தோடு சரி.

படி 6: துணைக்கு இரண்டு

கைப்பேசியில் திரையைத் திறக்காமலே தெரியும் அவசரத் தகவல் பகுதியை நிரப்புங்கள். மருத்துவர் தந்த கடிதத்தின் நகலைச் சின்னதாக மடித்து ஐ.சி. உறைக்குள் வையுங்கள். தகட்டில் அடங்காத அளவு விவரமெல்லாம் அங்கே போகட்டும். பள்ளிப் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடமும் ஒரு நகல். அவசர எண் 999-ஐ அழைக்கும்போது 'ஹீமோஃபிலியா' என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

படி 7: ஆண்டுக்கு ஒரு முறை

ஏப்ரல் 17 உலக ஹீமோஃபிலியா நாள். அந்தத் தேதியையே நான் சோதனை நாளாக வைத்துக்கொண்டேன். கொக்கி தளர்ந்திருக்கிறதா, எழுத்து தேய்ந்திருக்கிறதா, மருந்து மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். முடிவாக, தகட்டில் உள்ள எண்ணை மனப்பாடத்திலிருந்து இல்லாமல், தகட்டைப் பார்த்தே அழுத்துவேன். போன வருடம் அப்படி அழைத்தபோது தங்கை எடுத்தாள். "என்னண்ணே, மார்க்கெட்டில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கிறேன், யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். ஒன்றும் ஆகவில்லை, எண் வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வருடம் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு அழைக்க வேண்டும்.