கோட்டம் எடுக்கும் முன் கம்பியைச் சுண்டிப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கடைக்கு வரும் பழைய கறுப்பு சைக்கிள்களில் அதிகம் அடிவாங்குவது பின்சக்கரம்தான். ஒன்றிரண்டு போக்ஸ் கம்பி அறுந்திருக்கும், ரிம் பிரேக் கட்டையில் உரசும். தவிட்டு மூட்டையும் புல்கட்டும் ஏற்றி வாய்க்கால் கரையில் ஓட்டியதால் வந்தது என்பார்கள். பாரமும் ஒரு காரணம்தான். ஆனால் பல நேரம் கம்பி அறுவது அது லூசாக இருந்ததால்.

சக்கரம் உருளும்போது தரைப்பக்கம் வரும் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகும். நல்ல இழுப்பு இருந்தால் தளரும்போதும் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைக் கவ்விக்கொண்டே இருக்கும். லூசான கம்பி ஹப் துளையில் ஆடி ஆடி, வளைந்த கழுத்தில் முறியும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அது போலத்தான்.

அதனால் அறுந்த கம்பியை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. ஒரு பெரியவர் மாதத்தில் மூன்றாவது தடவையாக வந்து, “வேற கடையில நேத்துதான் கம்பி போட்டேன் தம்பி, அதுக்குள்ள பக்கத்துக் கம்பி போயிடுச்சு” என்றார். சக்கரத்தைத் தூக்கி ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டினேன். சில கம்பிகள் ‘டிங்’ என்றன. செயின் ஓடும் ஃப்ரீவீல் பக்கம் ஏழெட்டு கம்பிகளில் சத்தமே எழவில்லை. புதுக்கம்பி போட்டதோடு அந்த லூஸ் கம்பிகளையும் மற்றவற்றின் அளவுக்கு இறுக்கி, அப்புறம்தான் கோட்டம் எடுத்தேன், அதாவது ரிம் ஒரு பக்கம் சாயாமல் நேராக்கினேன். அதற்குப் பிறகு அவர் பஞ்சருக்குத்தான் வந்தார்.

கோட்டம் எடுக்கும்போது இறுக்கிக்கொண்டே போவதும் தவறு. ரிம் இடப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பியை இறுக்கி, இடப்பக்கக் கம்பியை அதே அளவு தளர்த்த வேண்டும், அதுவும் கால் சுற்று கால் சுற்றாக. இறுக்க மட்டும் செய்தால் ரிம் அந்த இடத்தில் உள்ளே இழுபட்டு, வட்டம் கெடும். கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் குட்டி நட்டுதான் நிப்பிள். அதைச் சாவியால் திருப்பும் திசையிலும் பலர் குழம்புகிறார்கள். டியூப் பக்கமிருந்து பார்த்தால் நிப்பிள் வலச்சுற்றில் இறுகும், ஹப் பக்கமிருந்து பார்த்தால் இடச்சுற்றில்.

எதற்கும் முன்னால் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஹப்பில் ‘கடகட’ என்றால் லூசாக இருப்பது கோன், அதாவது அச்சில் பால்ஸைப் பிடித்திருக்கும் நட்டு. அதைச் சரிசெய்யாமல் கம்பியோடு மல்லுக்கட்டி என்ன பயன்? ரிம்மே அடிபட்டு மடங்கியிருந்தாலும் கம்பியால் நேராக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துச் சைக்கிள்களில் உப்புக்காற்றால் நிப்பிள் துருவேறி இறுகியிருக்கும். பலம் போட்டுத் திருப்பினால் நிப்பிளின் முனை மழுங்கும், இல்லையென்றால் கம்பியே முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஊறிய பிறகு தொடுங்கள்.

புதிதாகக் கோக்கும்போது கம்பியின் நீளம் முக்கியம். முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்று எண்ணி வாங்குகிறவர்கள் நீளத்தைக் கவனிப்பதில்லை. நீளம் கூடினால் கம்பி முனை நிப்பிளைத் தாண்டி டியூபைக் குத்தும். ஓட்டை டியூபின் உள்வட்டத்தில் இருந்தால் முதலில் ரிம்மில் அதே இடத்தைத் தடவிப் பாருங்கள். நீட்டிய முனையை அரம் போட்டுத் தேய்த்துவிடலாம். நீளம் குறைந்தாலோ மரை போதாமல் நிப்பிள் பிடிக்காது.

கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்பா சக்கரத்தை மடியில் சாய்த்து, ஒரே பக்கத்தில் இணையாகப் போகும் இரண்டு இரண்டு கம்பிகளைக் கைக்குள் சேர்த்து அழுத்துவார். முறுக்கிக்கொண்ட கம்பிகள் ‘டிக் டிக்’ என்று விடுபட்டு, கழுத்து ஹப்பில் படிந்து உட்காரும். ரிம் மறுபடி ஒரு நூல் அளவு விலகும். அதையும் எடுத்துவிட்டு, இன்னொரு தடவை அழுத்திப் பார்ப்பார். சத்தம் வராத பிறகுதான் டயரை மாட்டச் சொல்வார்.