சக்கரக் காலின் ஃபேரிங்கை நேராகப் பொருத்தும் முறை

ஆர்வி-6, ஆர்வி-7 போன்று சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் சிறு விமானங்களின் சக்கரக் கால்கள் உருண்டையான எஃகுத் தண்டுகள். அதே பருமனுள்ள நீர்த்துளி வடிவ உறைக்குக் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், அவற்றின்மீது ஃபேரிங் எனப்படும் ஃபைபர்கிளாஸ் உறையை மாட்டுகிறோம். ஆனால் அந்த உறையும் ஒரு சிறு இறக்கையே. அது சற்றுத் திரும்பியிருந்தாலும் பக்கவாட்டு விசை பிறந்து, விமானம் மூக்கைத் திருப்பிக்கொண்டோ ஓர் இறக்கையைத் தாழ்த்திக்கொண்டோ பறக்கும்.

முதலில் சக்கரங்களின் மேலுள்ள பாரத்தை நீக்க வேண்டும். தரையில் நிற்கும்போது எடையால் கால்கள் வெளிப்புறம் விரிந்து நிற்கின்றன. வானில் அவ்வாறு இருப்பதில்லை. பறக்கும் நிலைக்காகச் செய்யும் உறையை நிற்கும் நிலையில் அளப்பதே பலரும் செய்யும் பிழை. கையேடு காட்டும் இடங்களில் ஜாக்கி கொடுத்து, சக்கரங்கள் கையால் சுழலும் அளவுக்கு உயர்த்தி, வாலுக்கும் உறுதியான முட்டுக் கொடுங்கள்.

கோத்தகிரியில் நான் வேலை செய்யும் கொட்டகையின் தரை, மலைச்சரிவில் கட்டிய பல கொட்டகைகளைப் போலவே, ஒரு பக்கம் வாட்டமாக இருக்கிறது. எனவே தரையை நம்பாமல், கையேடு குறிப்பிடும் சட்டங்களில் ரசமட்டம் வைத்து விமானத்தின் உடலையே நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மட்டப்படுத்துகிறேன். பிறகு உடலின் நடுக்கோட்டில் முன்புறமும் வால்புறமும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, இரு புள்ளிகளையும் இணைத்து நைலான் நூலை இழுத்துக் கட்டுகிறேன். மூடுபனி நாட்களில் ஈரத்தரையில் சுண்ணக்கோடு கலைந்துவிடும், நூல் கலையாது.

சக்கரத்தை மூடும் தனி உறையைக் கழற்றிவிட்டு ஃபேரிங்கைக் காலில் மாட்டுங்கள். கால் சாய்ந்திருப்பதால் கண்ணின் கணிப்பு இங்கே உதவாது. தண்ணீர் டியூப் மட்டத்தால் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ஒரே உயரத்தில் புள்ளி குறித்து, இரண்டிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நடுநூலிலிருந்து அவற்றின் தொலைவை அளந்து பாருங்கள். இரு தொலைவும் சமமாக வேண்டும். 15 செ.மீ. நீளத்தில் 2 மி.மீ. வேறுபட்டாலே கோணம் ஏறத்தாழ முக்கால் டிகிரி பிசகிவிடும். இதே அளவை உறையின் மேல்முனையருகிலும் கீழ்முனையருகிலும் தனித்தனியே எடுக்க வேண்டும். மேலே சரியாக இருந்து கீழே முறுகியிருக்கும் உறைகள் உண்டு.

சரியான நிலையில் கிளாம்ப் போட்டு, இரு முனைகளிலும் காலின்மீது அடையாளம் கீறிவையுங்கள். உள்ளே செல்லும் பிரேக் குழாயில் உறை உரசக் கூடாது. எபாக்சி பூசிக் கண்ணாடித்துணி ஒட்ட நேர்ந்தால், மலைக்குளிரில் அது இறுக வெகுநேரம் பிடிக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஹார்டனரைக் கூட்டினால் ஒட்டு பலவீனமாகும். தார்ப்பாயால் மூடி உள்ளே பல்பு எரியவிட்டு வெப்பமூட்டுவதே முறை.

மலையில் ஓடுதளம் இல்லாததால் சோதனைப் பறப்பு சமவெளியில்தான். லாரியில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறக்கியபின், கீறிய அடையாளங்களை மறுபடி பாருங்கள். முதலில் ஃபேரிங் இல்லாமல் பறந்து, பக்கச்சறுக்குக் காட்டியின் (வளைந்த குழாயில் பந்து உருளும் கருவி) பந்து எங்கே நிற்கிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். மாட்டியபின் அதே வேகத்தில் பந்து நகர்ந்தால், ஒரு சமயத்தில் ஒரு காலின் பின்விளிம்பை மட்டும் 1 மி.மீ. திருப்பி, மீண்டும் பறந்து பாருங்கள்.