ஒத்திவைக்கப்பட்ட மின்னஞ்சல் வரிசையைக் கையாளும் முறை: போஸ்ட்ஃபிக்ஸ் சேவையகத்துக்கான வழிகாட்டி

மின்னஞ்சல் சேவையகம் ஒரு மடலைப் பெற்று 250 என்ற ஏற்புக் குறியீட்டைப் பதிலாகச் சொன்ன கணத்திலேயே அந்த மடலின் பொறுப்பு அதன் தலையில் வந்து சேர்கிறது. மடலை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். முடியாமற்போனால் அதை அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றும் இன்னும் நடக்காத மடல்கள் தங்கும் இடமே ஒத்திவைக்கப்பட்ட வரிசை. அதில் கிடக்கும் ஒவ்வொரு கோப்பின் பின்னாலும், தன் மடல் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கிறார். வரிசை பெருகியதைக் கண்டவுடன் பதற்றத்தில் முழுவதையும் அழிப்பதையும், காரணம் பாராமல் முழுவதையும் மீண்டும் மீண்டும் தள்ளிவிட முயல்வதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டும் தவறு. முதலில் காரணத்தை வாசிக்க வேண்டும். கட்டளை அதற்குப் பிறகுதான்.

கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் உள்ள சிறிய அலுவலகம் ஒன்றின் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் இயங்கும் மின்னஞ்சல் சேவையகத்தைப் பார்த்துவரும் அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை அவை ஒலிக்கும் விதத்திலேயே தந்துள்ளேன். கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் தெரிவு எழுத்துகள் எல்லாம், வேறுவிதமாகக் குறிப்பிடாதவிடத்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.

காத்திருப்பின் கணக்கு

பெறும் சேவையகம் 5 எனத் தொடங்கும் குறியீட்டைத் தந்தால் அது நிரந்தர மறுப்பு; மடல் உடனே திரும்பிவிடும். 4 எனத் தொடங்கும் குறியீடு, அல்லது இணைப்பே கிடைக்காத நிலை, தற்காலிகத் தடை. மடல் ஒத்திவைக்கப்பட்ட வரிசைக்குப் போகும். போஸ்ட்ஃபிக்ஸ் அந்த வரிசையை 300 விநாடிகளுக்கு ஒருமுறை பார்வையிட்டாலும், ஒவ்வொரு முறையும் எல்லா மடல்களையும் முயல்வதில்லை. ஒரு மடல் எவ்வளவு நேரம் வரிசையில் இருந்ததோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் மேலும் காத்திருக்க வைக்கப்படும். 20 நிமிடம் இருந்த மடல் மீண்டும் தோற்றால் இன்னொரு 20 நிமிடம், 40 நிமிடம் இருந்தது தோற்றால் இன்னொரு 40 நிமிடம் என்று இடைவெளி வளரும். குறைந்தபட்ச இடைவெளி 300 விநாடி. அதிகபட்சம் 4000 விநாடி, அதாவது ஒரு மணி நேரத்தைவிடச் சற்றுக் கூடுதல். ஐந்து நாட்களுக்குப் பிறகும் சேராத மடல் அனுப்பியவருக்குத் திரும்பும். 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5321 என்ற மின்னஞ்சல் நெறிமுறை ஆவணமும் குறைந்தது நான்கைந்து நாட்கள் முயலவேண்டும் என்றே கூறுகிறது.

இந்த ஐந்து நாள் கணக்கு எங்கள் ஊரில் ஏப்ரல் மாதத்தில் இடறும். சித்திரைப் புத்தாண்டுக்கு அலுவலகங்கள் மூடி, ஆட்கள் ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். பெறும் நிறுவனத்தின் சேவையகம் அந்த வாரத்தில் நின்றுபோனால், அதைக் கவனிக்க ஒருவர் திரும்பி வருவதற்கு முன்னரே மடல்கள் காலாவதியாகிவிடலாம். அப்படியான வேளையில் மேக்சிமல்_கியூ_லைஃப்டைம் என்ற அமைவை ஏழு நாட்களாக உயர்த்திப் போஸ்ட்ஃபிக்ஸை மறுஏற்றம் செய்தால், ஏற்கெனவே வரிசையில் உள்ள மடல்களுக்கும் அந்த நீட்டிப்பு கிடைக்கும். விடுமுறை முடிந்ததும் பழைய அளவுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு கேள்விப்பத்திரத்துக்கான (டெண்டர்) மடல் ஏழு நாள் கழித்துத் திரும்புவதால் யாருக்கும் பயனில்லை.

இதைவிட முக்கியமானது டிலே_வார்னிங்_டைம். இது இயல்பில் பூச்சியம். அதாவது மடல் தாமதமாகிறது என்ற அறிவிப்பு அனுப்பியவருக்குப் போகாது, ஐந்து நாட்களும் அவர் அறியாமலேயே கழியும். இதை நான்கு மணி நேரமாக வைப்பதே நல்லது. அறிவிப்பின் வாசகத்தைப் பவுன்ஸ்_டெம்ப்ளேட்_ஃபைல் என்ற அமைவின் வழியே மாற்றலாம். எழுத்துருக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டிரண்டு வரி எழுதிவைத்தால், ஆங்கிலத்தில் வரும் நீண்ட பிழை அறிக்கையைக் கண்டு மிரளும் ஊழியருக்கும் விஷயம் விளங்கும். தலைப்பு வரிகளை மட்டும் ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடுங்கள்.

வரிசையை வாசித்தல்

போஸ்ட்கியூ கட்டளையை 'பி' தெரிவுடன் இயக்கினால் ஒவ்வொரு மடலின் அடையாள எண், அளவு, வந்த நேரம், அனுப்பியவர், பெறுநர் ஆகியவற்றோடு, அடைப்புக்குறிக்குள் கடைசி முயற்சி தோற்ற காரணமும் தெரியும். அடையாள எண்ணின் பின்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த மடல் இப்போது முயற்சியில் உள்ளது. வியப்புக்குறி இருந்தால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

சில நூறு மடல்களைத் தாண்டினால் இந்தப் பட்டியலைக் கண்ணால் வாசிப்பது வீண். அப்போது கியூஷேப் கட்டளையை, ஒத்திவைக்கப்பட்டதைக் குறிக்கும் 'டிஃபர்ட்' என்ற வரிசைப் பெயரைக் கொடுத்து இயக்குங்கள். அது பெறுநர்களின் களப் பெயர்களை (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) வரிகளாகவும், மடல்களின் வயதை 5, 10, 20, 40 நிமிடம் என்று இரட்டித்துச் செல்லும் பத்திகளாகவும் அடுக்கித் தரும். ஒரே களப் பெயரில் பெருந்தொகை குவிந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம், அல்லது அவர்கள் எங்களை நோக்கும் விதத்தில். எல்லாக் களங்களிலும் பரவலாக, அதுவும் குறித்த ஒரு நேரத்துக்குப் பின் வந்தவையாக இருந்தால் கோளாறு எங்கள் வீட்டில். 'எஸ்' தெரிவைச் சேர்த்தால் அனுப்புநரின் களப் பெயர் வாரியாகப் பார்க்கலாம். அங்கே, திரும்பு மடல்களுக்குச் சேவையகமே இடும் மெயிலர்-டீமன் என்ற பெயர் முதலிடம் பிடித்திருந்தால் சேவையகம் போலி முகவரிகளுக்குத் திரும்பு மடல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இல்லாத பெறுநருக்கான மடலை உள்ளே எடுத்த பிறகு திருப்பியனுப்பாமல், வாசலிலேயே மறுக்குமாறு பெறுநர் பட்டியலை அமைப்பதே அதற்கு மருந்து.

காரணங்களும் அவற்றுக்கான செயலும்

முன்பின் அறியாத அனுப்புநரைச் சில நிமிடம் கழித்து வரச்சொல்லும் 'கிரேலிஸ்டிங்' முறை, 450 அல்லது 451 குறியீட்டுடன் தெரியும். இதில் நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. அடுத்த முயற்சியிலோ அதற்கடுத்ததிலோ மடல் போய்விடும்.

ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் 421 குறியீட்டுடன் வேகத்தைக் குறைக்கச் சொன்னால், அவசரப்பட்டுத் தள்ளுவது நிலைமையைக் கெடுக்கும். அந்தக் களத்துக்கென்று தனி டிரான்ஸ்போர்ட் (அனுப்பும் வழி) ஒன்றைப் போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் உருவாக்கி, ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகள் மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள்; இயல்பான அளவு 20. அதனோடு, மடல் உண்மையில் நம்மிடமிருந்தே வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், பிடிஆர் பதிவுகள் சரியா என்று பாருங்கள். நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு அதே வகையைச் சேர்ந்த டிமார்க் பதிவும் 2024 பெப்ரவரி முதல் கட்டாயம்.

களப் பெயரைக் கண்டறிய முடியவில்லை, மீண்டும் முயல்க என்ற பொருளில் வரும் செய்தியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். ஒரு சனிக்கிழமை அலுவலகத்தின் இணைய இணைப்பை வேறொரு வழங்குநருக்கு மாற்றினோம். சேவையகத்தில் பெயர்த் தேடல் சரியாக வேலைசெய்தது, கையால் சோதித்த எல்லாக் களங்களும் கிடைத்தன. ஆனாலும் வெளியே போகும் ஒவ்வொரு மடலும் இதே காரணத்துடன் ஒத்திவைக்கப்பட்டது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களின் பல பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸின் பல பகுதிகள், மடல் வரிசைகள் இருக்கும் ஸ்பூல் கோப்புறைக்குள்ளேயே அடைக்கப்பட்டு இயங்குவதால், பெயர்த் தேடலுக்கான ரிசால்வ் கோப்பின் பிரதி ஒன்றை அங்கேயே வைத்திருக்கும். சேவை தொடங்கும்போது எடுத்த அந்தப் பிரதியில் பழைய வழங்குநரின் முகவரியே இருந்தது. போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்கியதும் பிரதி புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பிறகே மடல்கள் நகர்ந்தன. இணைப்பை மாற்றும் எவரும் இந்த இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இணைப்பு காலாவதியானது (உரிய நேரத்துக்குள் பதில் வரவில்லை) என்ற செய்தி எல்லாக் களங்களுக்கும் வந்தால், உங்கள் இணைய வழங்குநர், சேவையகங்கள் ஒன்றுக்கொன்று மடல் அனுப்பும் 25ஆம் துறையை (போர்ட்) வெளிநோக்கி மூடியிருக்கலாம். திறக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லையேல் 587ஆம் துறை வழியே ஓர் இடைச் சேவையகத்துக்கு அனுப்புமாறு ரிலேஹோஸ்ட் அமைவை மாற்றுங்கள். ஒரேயொரு களத்துக்கு மட்டும் இந்தச் செய்தி வந்தால் முகவரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பிழையாகத் தட்டச்சு செய்த களப் பெயரையும் எங்கோ ஒருவர் பதிந்து வைத்திருப்பார்; அங்கே மடல் வாங்க எவரும் இல்லாததால் சேவையகம் ஐந்து நாள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அனுப்பியவரிடம் உடனே சொல்லிவிடுவதே அவருக்குச் செய்யும் உதவி. பெறுநரின் பெட்டி நிறைந்துவிட்டது என்றால், பம்பலப்பிட்டியில் இருப்பவராயினும் யாழ்ப்பாணத்தில் இருப்பவராயினும், ஒரு தொலைபேசி அழைப்பு எந்தக் கட்டளையையும்விட விரைவாகப் பலன் தரும்.

தள்ளுதல், நிறுத்திவைத்தல், அழித்தல்

காரணம் நீங்கியபின் போஸ்ட்கியூவை 'எஃப்' தெரிவுடன் இயக்கினால் முழு வரிசையும் உடனே முயலப்படும். 'ஐ' தெரிவும் அடையாள எண்ணும் கொடுத்தால் ஒரு மடல் மட்டும். காரணம் நீங்கும் முன் இதைச் செய்தால், சேராத மடல்கள் இயங்கு வரிசையை (இப்போது அனுப்பப்படும் மடல்களின் வரிசை) நிரப்பி, சேரக்கூடிய புதிய மடல்களையும் தாமதப்படுத்தும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகத் தள்ளும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் அட்டவணையில் எழுதிவைத்திருப்பவர்கள் அந்த வரியை இன்றே நீக்கிவிட வேண்டும்.

ரிலேஹோஸ்ட் மாற்றம் அடுத்த முயற்சியிலேயே நடைமுறைக்கு வரும். ஆனால் மாற்றுமுகவரி அட்டவணையையோ உள்ளடக்க வடிகட்டியையோ மாற்றியிருந்தால், பழைய மடல்களைப் போஸ்ட்சூப்பர் கட்டளையின் 'ஆர்' தெரிவால் மறுவரிசைப்படுத்த வேண்டும்.

ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் திருடப்பட்டு ஆயிரக்கணக்கான குப்பை மடல்கள் வரிசையில் நிறைந்தால், முதலில் பதிவுக்கோப்பில், மடல் அனுப்ப உள்நுழைந்தவரைக் காட்டும் எஸ்ஏஎஸ்எல் பயனர்பெயரைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை முடக்குங்கள். ஊற்றை அடைக்காமல் வரிசையைச் சுத்தம் செய்வது வீண் உழைப்பு. பிறகு அந்த அனுப்புநரின் மடல்களைப் போஸ்ட்சூப்பரின் சிறிய 'எச்' தெரிவால் நிறுத்திவையுங்கள். பெரிய 'எச்' அவற்றை விடுவிக்கும். அவற்றுள் அந்த ஊழியர் உண்மையாகவே எழுதிய மடலும் ஒன்றிரண்டு இருக்கலாம் என்பதால் அழிக்கும் முன் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குப் போஸ்ட்கேட் கட்டளையை 'எச்', 'கியூ' தெரிவுகளுடன் இயக்கினால் தலைப்பு வரிகள் மட்டுமே தெரியும். பிறருடைய மடலின் உள்ளடக்கத்தை வாசிக்க நமக்கு உரிமையில்லை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருப்பதையும் நிர்வாகிகள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

அழிக்கும் தெரிவு 'டி'. இதைத் தொடர்ந்து 'ஆல்' என்று மட்டும் கொடுத்தால் ஒத்திவைக்கப்பட்டவை மட்டுமல்ல, இப்போதுதான் வந்த மடல்களும் நிறுத்திவைக்கப்பட்டவையும் சேர்ந்தே போய்விடும். பின்னால் 'டிஃபர்ட்' என்ற சொல்லைச் சேர்த்தால்தான் அந்த வரிசையோடு நிற்கும். இப்படி அழித்த மடலுக்குத் திரும்பு அறிவிப்பு எதுவும் போகாது. அனுப்பியவருக்கு நீங்களே சொல்ல வேண்டும். இன்னொரு நுணுக்கம்: இயல்பான குறுகிய அடையாள எண்கள் காலப்போக்கில் வேறு மடல்களுக்கு மீண்டும் வழங்கப்படலாம். பழைய பட்டியலைப் பார்த்து இன்று அழித்தால் தவறான மடல் பலியாகும். எனேபிள்_லாங்_கியூ_ஐடீஸ் அமைவை இயக்கிவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

கண்காணிப்பு

வரிசை வட்டில் கோப்புகளாக இருப்பதால் மின்வெட்டுக்குத் தப்பும். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்களிலும் சேவையகம் எழுந்தவுடன் மடல்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. ஆனால் அந்த நேரத்தில் வட்டு நிரம்பியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். டிஃபர்ட் கோப்புறையில் உள்ள கோப்புகளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி, வழமையான அளவைத் தாண்டினால் குறுஞ்செய்தியில் எச்சரிக்கும் சிறு நிரல் போதுமானது. எச்சரிக்கையை அதே சேவையகத்தின் மின்னஞ்சல் வழியே அனுப்பினால் அதுவும் வரிசையில் போய் நிற்கும்.

வரிசை வெறுமையாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து மடல்கள் சேர்ந்துவிட்டன என்று முடிவுசெய்யாதீர்கள். காலாவதியாகித் திரும்பியிருந்தாலும் வரிசை வெறுமையாகவே தெரியும். தாமதமான மடலின் அடையாள எண்ணைப் பதிவுக்கோப்பில் தேடி, நிலை 'சென்ட்' என்றும், அடுத்த முனை 250 என்று பதில் தந்தது என்றும் எழுதப்பட்டிருப்பதைக் கண்ட பின்னரே, காத்திருந்தவரிடம் மடல் போய்விட்டது என்று சொல்லுங்கள்.