புதுசா நேரம் தேடாதீங்க, வீட்ல ஏற்கனவே நடக்கிறதோட முடிச்சு போடுங்க

ஜனவரி ஒண்ணாம் தேதி விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடணும், சர்க்கரைய விடணும், தினம் அம்பது பக்கம் படிக்கணும்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சு, பொங்கல் கரும்பு தின்னு முடிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் விட்டவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம். நானும் மூணு வருஷம் வரிசையா விட்டிருக்கேன். அப்புறம் எங்க பெரியம்மாவ கவனிச்சேன். எழுபது வயசு தாண்டிருச்சு, வாசல்ல கோலம் இல்லாத ஒரு காலையக் கூட நான் அவங்க வீட்ல பார்த்ததில்ல. அதுக்குன்னு அவங்க அலாரம் வைக்கிறதில்ல, மனச திடப்படுத்திக்கிறதும் இல்ல. பால்காரர் பெல் அடிப்பார், கதவ திறக்கணும், திறந்தா வாசல் தெளிக்கணும், தெளிச்சா ஈரம் காயறதுக்குள்ள கோலம் போடணும், அவ்வளவுதான், ஒண்ணோட வால பிடிச்சுகிட்டு இன்னொண்ணு வந்துருது.

நல்ல பழக்கம் நிக்கணும்னா இதுதாங்க வழி. உங்க வீட்ல தவறாம தினமும் நடக்கிற ஒரு விஷயத்த எடுத்துக்கங்க, பால் வர்றது, குக்கர் விசில், காலண்டர் கிழிக்கிறது, போன் சார்ஜ் போடறது, எதுவா வேணா இருக்கலாம். அதோட ஒரே ஒரு சின்ன வேலைய முடிச்சு போடுங்க. ஒரு மாசம் கழிச்சு அது தானா நடக்க ஆரம்பிச்ச பிறகு அடுத்தது. நான் போட்ட முடிச்சுகள சொல்றேன், உங்களுக்கு ஒத்து வர்றத மட்டும் எடுத்துக்கங்க.

முதல்ல உப்பு பாக்கெட். இத முதல்ல சொல்றதுக்கு காரணம் இருக்கு, செலவே இல்ல, ஆனா மொத்த குடும்பத்துக்கும் பலன். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழதான் உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது ஒரு டீஸ்பூன் கூட முழுசா கிடையாது. ஆனா சமைக்கிறவங்க யாரும் கிராம் கணக்கு பார்த்து போட மாட்டாங்க, கைதான் கணக்கு. அதனால பாக்கெட்ட கணக்கா வச்சுக்கங்க. ஒரு கிலோ உப்பு பாக்கெட் பிரிக்கிறப்ப ஒரு மார்க்கர் பேனாவால அன்னைக்கு தேதிய அதுமேலயே எழுதிருங்க. பெரியவங்க நாலு பேர்னா ஒரு நாளைக்கு 20 கிராம், அந்த பாக்கெட் 50 நாள் வரணும். எங்க வீட்ல முதல் தடவை எழுதினப்ப 31 நாள்ல தீர்ந்துருச்சு, அதுவும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்ஸர், ஹோட்டல் சாம்பார் இதெல்லாம் இந்த கணக்குலயே வராது. வீட்ல யாரையும் குறை சொல்லல, பாக்கெட்ட எடுத்து தேதிய காட்டினேன், மனைவிக்கே ஆச்சரியமா போச்சு. வடிக்கிற சோத்துல உப்பு போடறத நிறுத்தினோம், மோர்ல உப்ப குறைச்சு இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்தோம், ஊறுகா பாட்டில டேபிள்ல இருந்து அலமாரிக்கு மாத்தினோம், கேட்டாதான் வரும். ரெண்டு வாரம் சப்புனு இருந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் நாக்கு பழகிருச்சு, இப்ப வெளிய சாப்பிட்டா கரிக்குது. போடற கொஞ்ச உப்பும் அயோடின் உப்பா இருக்கட்டும். சோடியம் குறைச்ச உப்புன்னு கடையில விக்கிறாங்களே, அதுல பொட்டாசியம் இருக்கும், கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க, பிபி மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர கேக்காம அதுக்கு மாறக் கூடாது.

உப்ப பத்தி இவ்வளவு பேசறேன்னா அப்பாதான் காரணம். அவருக்கு தலை சுத்தல், மயக்கம் எதுவுமே இல்ல, நல்லா வயல் வரப்புல நடந்துகிட்டிருந்த மனுஷன். 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா வந்து பிபி, சுகர் பார்க்கிறாங்கல்ல, அப்படி எங்க ஊர் தெருவுக்கு வந்த அக்கா பார்த்துட்டு மெஷின சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தாங்க, மேல 170, கீழ 100. பிபி அப்படித்தாங்க, சத்தமே போடாது. அதனால முப்பது வயசு தாண்டின எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்க, உங்க பிறந்தநாளோட முடிச்சு போட்டுட்டா மறக்காது. வீட்ல மெஷின் இருந்தா பார்க்கிற விதமும் முக்கியம்: காபி குடிச்சு அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும், பாத்ரூம் போயிட்டு வந்து அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும், முதுகு சாஞ்சிருக்கணும், பாதம் தரையில, கால் மேல கால் போடக் கூடாது, கை நெஞ்சு உயரத்துல டேபிள் மேல இருக்கணும். ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை எடுத்து ரெண்டையும் எழுதுங்க. வேற வேற நாள்ல பார்த்தும் 140க்கு மேலயோ, கீழ 90க்கு மேலயோ காட்டினா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட போங்க.

அடுத்தது காபி. நான் காபிய விடச் சொல்ல மாட்டேன், நேரத்த மட்டும் கொஞ்சம் நகர்த்துங்க. இட்லி சாப்பிட்ட கையோட டம்ளர எடுக்கிறது நம்ம வழக்கம், ஆனா காபி டீயில இருக்கிற டானின் சாப்பாட்டுல உள்ள இரும்புச்சத்த உடம்பு எடுத்துக்க விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் வேணாம்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டியிலயே இருக்கு. இது பொம்பளைங்களுக்கு ரொம்ப முக்கியம், தேசிய குடும்ப நல சர்வே (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு பெண்கள்ல பாதிக்கும் மேல ரத்த சோகை. அதனால காபி பால் வந்த உடனே, டிபன் அதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு. முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ செஞ்சா இறக்கின பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுங்க, வைட்டமின் சி இருந்தா கீரையில உள்ள இரும்பு இன்னும் நல்லா உடம்புல சேரும். சாயங்கால காபிய நாலு மணிக்குள்ள முடிச்சுக்கங்க, குடிச்சதுல பாதி காபின் உடம்ப விட்டுப் போகவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், ஆறரைக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுட்டு பதினோரு மணிக்கு தூக்கம் வரலன்னா அது தூக்கத்தோட தப்பு இல்ல.

நடைக்கு வர்றேன். வாரத்துக்கு 150 நிமிஷம்னு கேட்டா மலைப்பா இருக்கும், மதியம் சாப்பிட்டு 15, ராத்திரி சாப்பிட்டு 15, வாரத்துல அஞ்சு நாள், கணக்கு முடிஞ்சுது. சாப்பிட்ட பிறகு நடந்தா இன்னொரு லாபம், கால் தசை வேலை செய்யறப்ப ரத்தத்துல ஏறுற சர்க்கரைய அதுவே இழுத்துக்கும், சுகர் இருக்கிறவங்களுக்கும் வரப்போகுதுன்னு பயப்படறவங்களுக்கும் இத விட எளிமையான வழி எனக்கு தெரியாது. நல்லா வீசி நடங்க, பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். எங்க தெருவுல ராத்திரி நாய் தொல்லை, அதனால நான் மொட்டை மாடியில நடக்கிறேன், படி ஏறி இறங்கறதும் கணக்குல சேரும். தட்டு கழுவி வச்ச கை அப்படியே மாடி சாவிய எடுக்கணும், நடுவுல சோபாவுல உக்காந்தா போச்சு, அன்னைக்கு நடை இல்ல. சுகருக்கு மாத்திரையோ ஊசியோ போடறவங்க நடக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க.

தசைக்கும் வேலை வேணும், வயசானா முதல்ல போறது தொடை பலம்தான். குக்கர் வச்சுட்டு விசிலுக்கு நிக்கிற நேரத்துல ஒரு நாற்காலிய போட்டு, கைய ஊனாம உக்காந்து எந்திரிங்க, பத்து தடவை. மூணாவது விசில்ல நிறுத்திருங்க. பிளாஸ்டிக் சேர் வேணாம், வழுக்கும், மரச்சேர சுவர ஒட்டி போட்டுக்கங்க. முழங்கால் வலி இருக்கிறவங்க கொஞ்சம் உயரமான சேரா பார்த்து அஞ்சு தடவையில ஆரம்பிக்கலாம்.

தூக்கம் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன், போன் சார்ஜர படுக்கிற ரூம்ல இருந்து பிடுங்கி ஹால்ல மாட்டுங்க. எந்திரிக்க ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கங்க. இந்த ஒரு மாத்தத்துல எனக்கு ராத்திரி முக்கால் மணி நேரம் திரும்பக் கிடைச்சுது.

அந்த முக்கால் மணி நேரத்துல என்ன பண்றேன்னா, இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச முடிச்சு இருக்கு. தினசரி காலண்டர் எல்லா வீட்லயும் தொங்குது, ராகுகாலம் நல்ல நேரம் பார்த்துட்டு மறுநாள் கிழிச்சு கசக்கிப் போடுறோம். அந்தத் தாளோட பின்பக்கம் வெறுசா இருக்குங்க. ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி அன்னைக்கு தாள கிழிச்சு பின்னாடி மூணே வரி எழுதுங்க: என்ன செலவு பண்ணினேன், யார்கிட்ட மனசுவிட்டு பேசினேன், எது மனசுல நின்னுச்சு. உதாரணத்துக்கு என்கிட்ட இருக்கிற ஒரு தாள், ஆவணி மாசத்து தாள்: "தக்காளி 40, பஸ் 22, செருப்பு தைக்க 50. சித்தப்பாகிட்ட பேசினேன், முழங்கால் வலிங்கிறார், ஞாயித்துக்கிழமை போகணும். மாட்டுத்தாவணில பூ கட்டுற அம்மா கைய பார்க்காமலே கட்டுது." அவ்வளவுதான். தாள் கையகலம்தான் இருக்கும், அதனால நீளமா எழுதணுங்கிற பயமே வராது, டைரின்னா வெள்ளையா ஒரு பக்கம் முழுசா கிடந்து மிரட்டும். எழுதினத பழைய காலத்துல பில்லு குத்தி வைக்கிற கம்பி இருக்கும்ல, அதுல குத்தி வச்சிடறேன்.

ரெண்டாவது வரிதான் என்னை மாத்துச்சு. ஆறு நாள் தொடர்ந்து "யார்கிட்டயும் இல்ல"ன்னு எழுதினப்ப கை நின்னுருச்சு. ஆபீஸ்ல நாள் முழுக்க பேசிட்டுதான் இருந்தேன், வாட்ஸப்ல குட்மார்னிங் போயிட்டுதான் இருந்துச்சு, ஆனா ஒருத்தர்கிட்ட "சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு"ன்னு கேட்டு பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கல. அன்னையில இருந்து மாடியில நடக்கிற 15 நிமிஷத்துல ஒருத்தருக்கு போன், அத்தை, பழைய கிளாஸ்மேட், ரிட்டயர் ஆன சார், யாராவது ஒருத்தர். நடையும் பேச்சும் ஒரே முடிச்சுல வந்துருச்சு.

படிக்கிறதுக்கு கிளை நூலகத்துல மெம்பர் ஆகுங்க, காசு கொடுத்து வாங்கின புத்தகம் அலமாரியில தூங்கும், நூலகப் புத்தகத்துக்கு திருப்பிக் குடுக்கிற தேதி ஒண்ணு இருக்கு, அதுவே படிக்க வச்சிரும். மதுரையில 2023 ஜூலையில திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு லீவு நாள்ல பிள்ளைங்கள கூட்டிட்டு போறேன், அவங்க குழந்தைங்க பிரிவுல, நான் மேல.

நடுவுல அறுபடும். கல்யாணம், காய்ச்சல், ஊர்த் திருவிழா, துக்க வீடு எல்லாம் வரும், அன்னைக்கு விட்டா விட்டதுதான், மறுநாள் ரெட்டிப்பா செய்யப் போகாதீங்க, வழக்கமான அளவே போதும், ஆனா ரெண்டாவது நாளும் விடாம பார்த்துக்கங்க. ஊருக்குப் போறப்ப நான் நாலு நாள் காலண்டர் தாள முன்னாடியே கிழிச்சு சட்டைப் பையில வச்சுகிட்டு போயிடறேன், அம்மா "நாள் போறதுக்கு முன்னாடி தாள கிழிக்கக் கூடாதுடா"ன்னு திட்டுவாங்க, அதனால இப்ப அவங்க காலண்டர்லயே கிழிச்சு எழுதறேன், போன தடவை கிளம்பறப்ப அவங்களும் ஒரு தாள்ல பால் கணக்குக்குக் கீழ என் பேர எழுதி வச்சிருந்தாங்க.